மேலிருந்து நான்காவது இலை

பதினொன்றாம் நம்பர் செடியின் அளவுகளைக் கணக்கிலிருந்து தூக்கிவிடு என்று மேடம் சொன்னதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாதி மேடத்தின் மேல், பாதி அந்தச் செடியின் மேல். இருபத்து நான்கு செடிகளில் இருபத்து மூன்று சொன்ன பேச்சைக் கேட்கும்போது இது ஒன்றுக்கு மட்டும் என்ன கேடு?

"ஏதாவது நோய் வந்திருக்கும்மா. இல்ல வேர்ல கோளாறு. கூட்டத்தோட ஒட்டாதது ஒண்ணு எப்பவும் இருக்கும். எடுத்துடு," என்று சொல்லிவிட்டு மேடம் ஒரு பெருமூச்சு விட்டார். நல்ல செய்திக்கும் கெட்ட செய்திக்கும் அவரிடம் ஒரே பெருமூச்சுதான். என் ஆய்வுக்கு வழிகாட்டி அவர்தான். ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்குப் பெயரே பெருமூச்சு மேடம்.

என் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாற்பத்தொரு வயது. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. இரண்டு முறை காலநீட்டிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது முறை கேட்டபோது, இதுதான் கடைசி என்று கமிட்டியில் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். முப்பதாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஆய்வேடு அலுவலக மேசையில் இருக்க வேண்டும். ஐந்து ஐந்துக்குப் போனால் ஏழு வருடமும் தண்ணீரில் போட்ட உப்புதான். மேடம் என்னைக் கூப்பிட்டுப் பேசிய அன்று தேதி ஒன்பது.

நான் ஆராய்ச்சி செய்வது புகையிலைச் செடியில். "ஏழு வருஷமா பொகையில வளக்கறியே, ஒரு சுருட்டாவது வந்துச்சா?" என்று என் அண்ணி பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். வரவில்லை. வருவதற்காக வளர்க்கவும் இல்லை. இலைக்கு வயதாகும்போதும் தண்ணீர் இல்லாமல் வாடும்போதும் அதற்குள் இருக்கும் நைட்ரஜனுக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் வேலை. இலைக்குள் நைட்ரஜன் ஒரு கட்டத்தில் அம்மோனியாவாக நிற்கும். அது விஷம். தேங்கினால் இலை காலி. அதை உடனே பிடித்து உடம்புக்கு ஆகிற சரக்காக மாற்ற ஒரு நொதி வேண்டும். அந்த நொதியில் இரண்டு வகை. ஒன்று இலையின் பச்சைக்குள் உட்கார்ந்து வேலை செய்யும். அதற்கு எங்கள் கூடத்தில் பச்சைக்காரி என்று பெயர். இன்னொன்று நரம்போரம் இருக்கும், அது நரம்புக்காரி. இலை இளசாக இருக்கும்வரை பச்சைக்காரியின் ராஜ்யம். வயதானால், வாடினால், பச்சைக்காரி படுத்துக்கொள்வாள். இலை தன் புரதத்தைத் தானே உடைக்க ஆரம்பிக்கும். அப்போது கிளம்பும் அம்மோனியாவை நரம்புக்காரி பிடித்துப் பொட்டலம் கட்டி மேலே இருக்கிற புது இலைகளுக்கு அனுப்பிவிடுவாள். பிறகு இலை மஞ்சளாகிக் கீழே விழும். இதைக் கேட்டதும் தாயின் தியாகம், தந்தையின் தியாகம் என்று கண்ணைத் துடைத்துக்கொள்ள ஆட்கள் வருவார்கள். தயவுசெய்து வேண்டாம். இலைக்குத் தியாகம் தெரியாது. அது இலை.

சோதனை எளிமையானது. பன்னிரண்டு செடிக்குத் தண்ணீரைக் குறைப்பது, பன்னிரண்டுக்குத் தாராளமாக விடுவது. ஒவ்வொரு செடியிலும் ஓர் இலையின் காம்பில் சிவப்பு நூல் கட்டிவிட்டு, வாராவாரம் திங்கட்கிழமை அதே இலையிலிருந்து பொத்தான் அளவு ஒரு வட்டம் வெட்டி எடுத்து இரண்டு நொதிகளையும் அளப்பது. அந்த இலைக்கு வயதாக ஆக என்ன நடக்கிறது என்று பார்ப்பது. முதல் திங்கட்கிழமை நானே மொட்டைமாடிப் பசுமைக்குடிலுக்குப் போய் நூல் கட்டினேன், நானே வெட்டினேன். மறுநாள் காலை குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டேன்.

நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. கூடம் தரைத்தளத்தில் இருப்பதால் நாற்காலியில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் வைத்துக்கொண்டு அரைத்து வடிகட்டி அளக்க முடிந்தது. மாடி ஏறத்தான் முடியவில்லை. அதனால் என் கணவரைப் போகச் சொன்னேன். அவர் தையல்காரர். இரண்டு தெரு தள்ளிக் கடை. திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. கை சுத்தம், கண் கூர்மை, ஒரு நூலிழை பிசகாமல் வெட்டுவார். இதைவிட நல்ல ஆள் எங்கே கிடைப்பார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆறு திங்கட்கிழமை ஐஸ் ஃபிளாஸ்க்கில் இருபத்து நான்கு வட்டங்களை, நம்பர் எழுதிய அலுமினியத் தகடுகளில் சுற்றி, கொண்டுவந்து கொடுத்தார். நான் அளந்தேன். அளக்க அளக்க எனக்கு வாயடைத்துப் போயிற்று. தண்ணீர் குறைத்த செடிகளில்கூட பச்சைக்காரி படுக்கவில்லை! ஆறாவது வாரத்திலும் முதல் வாரம் மாதிரியே நிமிர்ந்து நிற்கிறாள். நரம்புக்காரிக்கு வேலையே இல்லை. தாகத்திலும் இலை கிழடு தட்டவில்லை. உலகத்தில் யாரும் பார்க்காதது. மேடம் போன வாரம் ஒரு கருத்தரங்கத்தில் இதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டு வந்தார். பதினொன்றாம் நம்பர் மட்டும்தான் வாராவாரம் இறங்கி, மஞ்சளாகி, புத்தகத்தில் போட்டிருப்பதையே ஒப்பித்துக்கொண்டிருந்தது.

எடுத்துடு என்று மேடம் சொன்னாரே, எடுத்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரையாவது திட்ட வேண்டுமென்றால் நேரில் பார்த்துத் திட்ட வேண்டும். மாவுக்கட்டைப் பிரித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் முனகி, பதினொன்றாம் நம்பரைத் திட்ட நான்கு மாடி ஏறினேன்.

அது நோஞ்சானாக இல்லை. பக்கத்துச் செடிகள் எப்படியோ அப்படித்தான் இருந்தது. சிவப்பு நூல் அடிப்பக்கத்தில் ஒரு மஞ்சள் இலையில் தொங்கியது. அந்த இலையில் வரிசையாக ஏழு ஓட்டை. முதல் நாள் நான் போட்டது ஒன்று, அவர் போட்டது ஆறு. சரி. பத்தாம் நம்பரைப் பார்த்தேன். அதில் நூல் உச்சிக்குப் பக்கத்தில் பச்சைப் பசேலென்ற ஓர் இலையில் இருந்தது. அந்த இலையில் ஒரே ஓட்டை. ஒன்பதிலும் ஒன்று. எட்டில் இரண்டு. ஏழு ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இரண்டும்! கீழே குனிந்து பார்த்தால், அதே செடியில் இந்த இலையில் ஓர் ஓட்டை, அதற்கடுத்த இலையில் ஓர் ஓட்டை என்று படிக்குப் படி இறங்கிப் போகிறது. நூல் நடந்திருக்கிறது. இருபத்து மூன்று செடியில் நூல் கால் முளைத்து மேலே ஏறியிருக்கிறது.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டேன். கோபம் தலைக்கேறினால் எனக்கு மரியாதை கூடிவிடும்.

"ஐயா கொஞ்சம் மாடி வரைக்கும் வர முடியுமா?"

அந்த 'ஐயா'வைக் கேட்டதும் அவர் தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். கழுத்தில் அளவு நாடா, சட்டைக் காலரில் இரண்டு ஊசி. பத்தே நிமிடத்தில் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"இந்த நூல யார் மாத்தினது?"

"நான்தான்." முகத்தில் ஒரு பெருமை வேறு. "ஒரு வாரம்கூட விடல. நல்லா இருக்கில்ல முடிச்சு?"

"எதுக்கு மாத்தினீங்க?"

"நீதானே சொன்ன, மேலேர்ந்து நாலாவது எலைன்னு. அடுத்த வாரம் வந்து பாத்தா மேல புதுசா ரெண்டு எலை வந்திருக்கு. நூலு ஆறாவதுல கெடக்கு. சரி, செடி வளந்துடுச்சு, குறி கீழ போயிடுச்சுன்னு ஏத்திக் கட்டினேன். புள்ளைங்க வளந்தா முட்டி இருக்கற எடம் மாறுதுல்ல? போன வருஷத்து அளவுலயா நான் பேண்ட் தைக்கிறேன்?"

"அடக் கடவுளே! அது மொத நாளைக்குச் சொன்னது! அதே எலை! அதே எலைக்கு வயசாகறதப் பாக்கத்தான் நூலு! நீங்க வாராவாரம் ஒரு சின்னப் பிள்ளையப் புடிச்சுட்டு வந்து இதுதான் அந்தக் கிழவின்னு காட்டியிருக்கீங்க! நானும் கிழவிக்கு நரையே இல்லன்னு ஆறு வாரமா குதிச்சிட்டிருக்கேன்! மேடம் வேற மேடையேறிச் சொல்லிட்டாங்க!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. இருபத்து நான்கு செடியையும் ஒரு சுற்று பார்த்தார்.

"அப்போ எல்லாம் தப்பா?"

"எல்லாம் தப்பு. திரும்பச் செய்யணும்னா நாலு மாசம் ஆகும். எனக்கு இருக்கறது இருபத்தோரு நாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேனே."

"எப்பக் கேட்டீங்க? பொய் சொல்லாதீங்க! கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. ஏழு வருடத்தையும், கல்யாணமான பதினாறு வருடத்தையும், ஒரு முறை கூரியரை வேறு வீட்டில் கொடுத்துவிட்டு வந்ததையும் எடுத்துப் போட்டு ஒரு பிடி பிடித்தேன். மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் ஒன்று தோன்றியது.

"பதினொண்ண மட்டும் ஏன் விட்டீங்க?"

"அதுல நீ போட்டது முடிச்சா? சிக்கு. மத்தது எல்லாம் இழுத்தா அவுந்துச்சு. அத வெட்டினாதான் வரும். வெட்டினா காம்புல பட்டுடும்னு அப்படியே விட்டேன். நூலு இருக்கற எலையிலேர்ந்துதானே எடுக்கச் சொன்ன, அதனால அதுலேர்ந்தே எடுத்தேன்."

ஆக, என் கைக்கு ஒரு முடிச்சு ஒழுங்காகப் போட வராது என்பதால் ஒரே ஒரு செடி உண்மையைச் சொல்லியிருக்கிறது. அதைத்தான் மேடம் தூக்கச் சொன்னார். நானும் தூக்கத்தான் இருந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அழுதுவிட்டேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். கடையில் வாடிக்கையாளர் அளவு எழுதும் நோட்டு. "இதுல எழுதி வச்சிருக்கேன். ஏதாவது உதவுமா பாரு."

வாங்கிப் பார்த்தேன். செடிகளை ஆட்களாக்கி வைத்திருந்தார். ஒண்ணாம் நம்பர்: புது எலை 1, நூல் ஏத்தியாச்சு. ரெண்டாம் நம்பர்: புது எலை 1. பதினாலாம் நம்பர்: புது எலை 3, நல்ல வளர்த்தி. இப்படி ஆறு வாரம், இருபத்து நான்கு செடி, ஒன்று விடாமல்.

"எலை எல்லாம் இங்கதானே இருக்கு," என்றார் மெதுவாக. "எது எந்த வாரம் வந்துச்சுன்னு இதுல இருக்கு. ஒரே எலைய ஆறு வாரம் பாக்கறதுக்கு பதிலா, ஆறு வாரத்து எலையையும் ஒரே நாள்ல பாத்தா ஆகாதா? எனக்குத் தெரியாது, கேக்கறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஏனென்றால் ஆகும். செடியே ஒரு காலண்டர் மாதிரிதான். உச்சியில் இந்த வாரம், அடியில் போன மாதம். எந்த இலைக்கு எத்தனை வயது என்பது மட்டும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பை என்னைப் போன்ற ஆய்வாளர்கள் எழுதி வைப்பதில்லை. தையல்காரர் எழுதி வைத்திருக்கிறார். என்னைக் கவிழ்த்த ஆளே கைகொடுத்துத் தூக்கினால் எப்படித் திட்டுவது?

நேராக மேடத்திடம் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இலை கிழடு தட்டாமல் இருக்கவில்லை, நாம்தான் வாராவாரம் புது இலையை அளந்தோம், பதினொன்று ஒன்றுதான் சரி என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அன்று முதல்முறையாகப் பெருமூச்சு விடவில்லை. அது எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

"வெளியில யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியும் மேடம்."

"அதில்லம்மா..." என்று இழுத்தார்.

"அதேதான் மேடம். பொய்ய வச்சு வாங்கற பட்டத்த நான் எந்தச் செவுத்துல மாட்டுவேன்?" குரல் எகிறிவிட்டது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

மேடம் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "கருத்தரங்கத்துக்கு நான் கடிதம் எழுதிக்கிறேன். அது என் தலையெழுத்து. ஆனா ஒண்ணு. அதிசயம் போயிடுச்சுன்னா இந்த ஆய்வேடு ரொம்பச் சாதாரணமாயிடும். கமிட்டி என்ன சொல்லும்னு நான் உறுதி குடுக்க முடியாது. முப்பதாம் தேதியையும் என்னால தள்ள முடியாது." அதன் பிறகுதான் அந்தப் பெருமூச்சு வந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நானும் அவரும் மாடியில் இருந்தோம். நாற்பது பள்ளிச் சீருடை கடையில் பாக்கி கிடக்க, ஷட்டரை இறக்கிவிட்டு வந்திருந்தார். பதினொன்றைத் தவிர மற்ற எல்லாச் செடியிலும் உச்சியிலிருந்து அடிவரை ஒவ்வோர் இலையிலும் ஒரு வட்டம். அவர் வெட்ட, நான் நோட்டைப் பார்த்து வயதைச் சொல்ல, தகட்டில் எழுதி ஐஸில் வைத்தோம். வாடிய வரிசையில் அடி இலைகள் தொட்டாலே கையோடு வந்தன. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பாதி உதிர்ந்திருக்கும். மதியத்துக்குள் முந்நூற்றுச் சொச்சம் பொட்டலம் சேர்ந்தது. நாங்கள் அன்று பேசிக்கொண்டது எண்கள் மட்டும்தான்.

அளந்து முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. கால் வீங்கிப் பூசணிக்காய் ஆனது. ஒரு நாள் அளக்கும் கருவி மக்கர் செய்தது, அதையும் திட்டினேன். கடைசியில் கோடுகளைப் போட்டுப் பார்த்தேன். இளசிலிருந்து கிழடுக்குப் போகப் போகப் பச்சைக்காரி இறங்குகிறாள், நரம்புக்காரி ஏறுகிறாள். வாடிய வரிசையில் இது இரண்டு வாரம் முந்தியே நடந்துவிடுகிறது. இலை சாகுமுன் அவசரம் அவசரமாகப் பொட்டலம் கட்டி அனுப்புகிறது. அந்த வரிசையின் கோட்டின் மேல், அதிலேயே இருந்த பதினொன்றாம் நம்பரின் ஏழு புள்ளிகளை வைத்தேன். ஏழும் கோட்டின் மேலேயே உட்கார்ந்தன. அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் சரியாக இருந்தது.

பிறகு முறைகள் என்ற அதிகாரத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன். சோதனையின் நடுவில் குறிநூல் இடம் மாறியதை மறைக்க முடியாது, ஏன் மாறியது என்றும் எழுத வேண்டும். 'உதவியாளரின் கவனக்குறைவால்' என்று முதலில் எழுதினேன். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். தேதிகளைச் சரிபார்ப்பதற்காக அந்த அளவு நோட்டைத் திறந்தேன். இதுவரை எண்களை மட்டும்தான் பார்த்திருந்தேன். இரண்டாவது திங்கட்கிழமைப் பக்கத்தின் தலையில், எண்களுக்கு மேலே, பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தது.

'நூல் கீழ போயிடுச்சு, ஏத்தலாமான்னு கேட்டேன். சொன்னதை மட்டும் செய்யச் சொன்னாள். நாலாவது எலைன்னுதான் சொன்னாள். சரி.'

நினைவு வந்துவிட்டது. கால் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்த நேரம். வாசலில் ஃபிளாஸ்க்கோடு நின்று, "இந்த நூலு இருக்கே..." என்று ஆரம்பித்தார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "மேலேர்ந்து நாலாவதுன்னு சொன்னேன்ல? சொன்னத மட்டும் செய்ங்க, கழுத்த அறுக்காதீங்க" என்றேன். மாடியில் 'கேட்டேனே' என்று அவர் சொன்னபோது பொய் என்று கத்தியதும் நான்தான்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் அச்செடுத்த பக்கத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தை மெஷின் மேல் வைத்தேன். விரல் வைத்து மெதுவாகப் படித்தார்.

"'ஆய்வாளர் அளித்த தவறான அறிவுறுத்தலால் குறிநூல் வாரந்தோறும் இடம் மாற்றப்பட்டது.' யாரு ஆய்வாளர்?"

"நான்தான்."

"ஏய், இதப் போய் எழுதுவாங்களா? பட்டம் குடுக்காம போயிடப் போறாங்க. என் பேரப் போட்டுடு. எனக்கு என்ன போச்சு? நான் தையக்காரன்."

"நீங்க கேட்டீங்க," என்றேன். "நான்தான் வாய அடைச்சேன். நோட்டுல பாத்தேன்."

அவர் பக்கத்தை மடித்து வைத்தார். காலரிலிருந்து ஊசியை எடுத்தார், திரும்பக் குத்திக்கொண்டார். கண் கலங்கியதைப் பார்த்தேன். அவருக்கு அப்படியெல்லாம் கலங்காது. பதினாறு வருடத்தில் எத்தனை முறை அடைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எண்ணத் தோன்றியது. எண்ண முடியவில்லை.

அடுத்த சட்டையை எடுத்தபடி, "இனிமேயாவது ஒரு முடிச்சு ஒழுங்காப் போடக் கத்துக்கோ" என்றார்.

"அந்த முடிச்சு மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா இன்னிக்கு நான் எங்க இருந்திருப்பேன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். குரல் ஏறுவது எனக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டேன். "சரி, கத்துக் குடுங்க" என்றேன்.

முப்பதாம் தேதி நான்கு நாற்பதுக்கு அலுவலகத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். குமாஸ்தா பக்கங்களை எண்ணிப் பார்த்து முத்திரை குத்தினார். கமிட்டி இன்னும் பதில் சொல்லவில்லை. 'ஆய்வாளர் அளித்த தவறான அறிவுறுத்தலால்' என்ற அந்த வரி நாற்பத்தேழாம் பக்கத்தில் இருக்கிறது, நான் எடுக்கவில்லை.